11 நொடி கோல் மட்டும்தானா ஹகான் ஷுக்குர்?

வாசகர் ஒருவரின் கேள்வி:
உலகக் கோப்பையில் யாராவது சீக்கிரம் கோல் அடித்தால் உடனே 2002-ல் 11-ஆம் நொடியில் கோல் அடித்த துருக்கியின் ஹகான் ஷுக்குர் பெயரை எடுக்கிறார்கள். அதை விட்டால் அவர் என்ன சாதித்தார்? இத்தாலியில் டொரினோவில் எடுபடவில்லை, இன்டரில் எடுபடவில்லை, இங்கிலாந்து போயும் ஒன்றும் ஆகவில்லை. உள்ளூர் லீக்கில் கோல் அடித்தவர் எல்லாம் பெரிய ஸ்ட்ரைக்கரா? ஒரே ஒரு கோலால் பேர் வாங்கியவர் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

நவம்பர் 4, இரவு

மறுக்கிறேன். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

துருக்கியின் முதல் பிரிவு லீக்கில் 249 கோல். 1959-ல் அந்த லீக் தொடங்கியதிலிருந்து இத்தனை கோல் அடித்தவர் வேறு யாரும் இல்லை. அடுத்து நிற்பவர் தஞ்சு சோலாக், 240. அந்த நாட்டில் பெரியவர்கள் இன்னும் மரியாதையோடு பேசும் மெத்தின் ஒக்தாய், 217. தேசிய அணிக்கு 112 ஆட்டங்களில் 51 கோல். இரண்டாம் இடத்தில் உள்ள புராக் யில்மாஸ் 31-ல் நின்றுவிட்டார். எட்டு லீக் பட்டங்கள், எட்டும் இஸ்தான்புல் கிளப்பான கலாத்தாசராயோடு. சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலை ஐரோப்பியக் கிளப் போட்டியான யுஏஃப்ஏ கோப்பை ஒன்று.

ஒரு கோலால் பேர் வாங்கியவருக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

நவம்பர் 5

"உள்ளூர் லீக் கோல்" என்ற வார்த்தை நேற்றிலிருந்து மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் இன்னும் கொஞ்சம்.

1996-97 பருவத்தில் மட்டும் லீக்கில் 38 கோல் அடித்தார். அடுத்த பருவம் 32. அதற்கடுத்தது 19. மூன்று பருவமும் லீக்கில் அதிக கோல் அவருடையதுதான். இதில் கவனிக்க வேண்டியது முதல் பருவம். 1996-ல்தான் ஃபாதிஹ் தெரிம் கலாத்தாசராய்க்குப் பயிற்சியாளராக வந்தார், அதே ஆண்டு ருமேனியாவின் கியோர்கே ஹாஜியும் வந்தார். ஹாஜியின் இடது காலிலிருந்து பந்து எங்கே வந்து விழும் என்று தெரிந்த ஒரு ஆள் பாக்ஸுக்குள் நின்றார். தொடர்ந்து நான்கு லீக் பட்டம்.

அது உள்ளூர்க் கணக்கு என்றால் வெளிக் கணக்கும் இருக்கிறது. 1998 அக்டோபரில் புர்சா நகரில் ஜெர்மனியைத் துருக்கி 1-0 என்று வென்றது. அந்த ஒரு கோல் யாருடையது? 1999 நவம்பரில் சாம்பியன்ஸ் லீக் குழு ஆட்டத்தின் கடைசி நாள், இஸ்தான்புல்லில் ஏசி மிலான் 2-1 முன்னிலை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது சமன் செய்தவர் ஷுக்குர். அப்புறம் உமித் தாவாலா பெனால்டியில் மூன்றாவதை அடித்தார். அந்த வெற்றி இல்லை என்றால் கலாத்தாசராய் குழுவில் மூன்றாமிடம் பிடித்திருக்காது, யுஏஃப்ஏ கோப்பைக்குள் நுழைந்திருக்காது, 2000 மே மாதம் இறுதி ஆட்டத்துக்காகக் கோபன்ஹேகனில் நின்றிருக்காது.

நவம்பர் 5, பிற்பகல்

கோபன்ஹேகன் பற்றி மேலே ஒருவர் கேட்டதற்கு: 2000 மே 17, எதிரணி இங்கிலாந்தின் ஆர்சனல். 90 நிமிடமும் கூடுதல் நேரமும் கோலில்லை. கூடுதல் நேரத்தில் ஹாஜி சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார், பத்துப் பேரோடு தாக்குப்பிடித்தார்கள். பெனால்டியில் 4-1. ஆர்சனலின் ஷூக்கரும் வியேராவும் அடித்தது கம்பத்தில் பட்டது. கலாத்தாசராய்க்காக அடித்த நால்வரில் ஷுக்குரும் ஒருவர். கடைசியாக அடித்துக் கோப்பையை உறுதி செய்தவர் பொப்பெஸ்கு.

துருக்கியிலிருந்து ஒரு கிளப் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது அதுதான் முதல் முறை. அரையிறுதியில் ஷுக்குர் இங்கிலாந்தின் லீட்ஸுக்கு எதிராக இஸ்தான்புல்லிலும் அடித்தார், லீட்ஸின் சொந்த மைதானத்திலும் அடித்தார். இஸ்தான்புல் ஆட்டத்துக்கு முந்தைய இரவில் லீட்ஸ் ரசிகர்கள் இருவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். அந்த அரையிறுதியைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நவம்பர் 7

சரி, இத்தாலி. கேள்வி கேட்டவரின் பலமான வாதம் இதுதான், இதைத் தட்டிக்கழிக்கப் போவதில்லை.

எண்கள்: 1995-ல் டொரினோ, லீக்கில் 5 ஆட்டம், 1 கோல். சில மாதங்களிலேயே இஸ்தான்புல் திரும்பிவிட்டார். 2000-ல் இன்டர், லீக்கில் 24 ஆட்டம், 5 கோல். 2002 தொடக்கத்தில் பார்மா, 15 ஆட்டம், 3 கோல். அந்தப் பருவத்தில் பார்மா இத்தாலியக் கோப்பையை வென்றது, ஷுக்குரும் அந்த அணியில் இருந்தார். அப்புறம் இங்கிலாந்தின் பிளாக்பர்ன், 9 ஆட்டம், 2 கோல். நான்கையும் கூட்டினால் 53 ஆட்டங்களில் 11 கோல். நல்ல கணக்கு இல்லை.

ஆனால் அவர் போன நேரத்து இன்டரைப் பாருங்கள். சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஸ்வீடனின் ஹெல்சிங்போரியிடம் தோற்று வெளியேறிய அணி. லீக்கின் முதல் ஆட்டத்தில் தோற்றதும் பயிற்சியாளர் லிப்பியை அனுப்பிவிட்டு தார்தெல்லியைக் கொண்டுவந்தார்கள். 2001 மே மாதம் அதே ஊர் ஏசி மிலானோடு ஆடிய டெர்பியில் 0-6. முன்வரிசையில் வியேரி, ரெக்கோபா, ஸமொரானோ, ராபி கீன் என்று ஒரு கூட்டம், காயத்தோடு ரொனால்டோ வேறு. யாருக்கு யார் பந்து போடுவது என்று முடிவாகாத அணி. இங்கே வந்து நிற்பவர் பக்கவாட்டிலிருந்து தனக்கு வரும் கிராஸை நம்பி வாழ்பவர். அந்தக் கிராஸ் வரவே இல்லை.

நவம்பர் 7, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நண்பர், "அப்படியானால் நல்ல பந்து வந்தால்தான் கோலா? அது குறைதானே?" என்கிறார்.

குறைதான். ஆனால் அது அந்த வகை ஸ்ட்ரைக்கர் எல்லோருக்கும் பொதுவான குறை. நான் மாவட்ட லீக்கில் நெடுங்காலம் ஸ்டாப்பராக, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரனாக, ஆடியவன். உயரமான சென்டர் ஃபார்வர்டை மார்க் செய்வதில் கஷ்டம் அவன் உயரத்தில் இல்லை. உயரம் கண்ணுக்குத் தெரியும், அதற்குத் தயாராக இருக்கலாம். கஷ்டம், கிராஸ் வருவதற்கு ஒரு நொடி முன்பு அவன் உங்கள் முதுகுப் பக்கம் நழுவிவிடுவான். நீங்கள் பந்தைப் பார்த்தால் அவனைப் பார்க்க முடியாது. அவனைப் பார்த்தால் பந்தைத் தவறவிடுவீர்கள். ஷுக்குரின் பழைய ஆட்டங்களை நான் பந்தை விட்டுவிட்டு அவர் கால்களை மட்டும் பார்த்துப் பார்த்திருக்கிறேன். விங்கில் இருப்பவர் தலை நிமிர்ந்து பார்க்கும்போது இவர் இரண்டடி பின்னால் வருகிறார், ஸ்டாப்பரின் தோளைத் தாண்டி. கிராஸ் கிளம்பியதும் முன்னால் பாய்கிறார். 1.91 மீட்டர் உயரம் அதற்கப்புறம்தான் வேலைக்கு வருகிறது.

இந்த விளையாட்டு, விங்கர் எப்போது தலை நிமிர்வான் என்று தெரிந்தவனுக்கே கைகூடும். ஆரிஃப் எர்தெம், ஹாஜி, ஓக்கான் புருக் ஆகியோருடன் ஆண்டுக்கணக்கில் ஆடினார். இன்டரில் ஒரே அணியை நான்கு ஆட்டம் தொடர்ந்து இறக்கினார்களா என்பதே சந்தேகம்.

நவம்பர் 8

பிளாக்பர்ன் பற்றி ஒரு சிறு குறிப்பு. அங்கே கூப்பிட்டவர் கிரேம் சூனெஸ். 1995-96-ல் கலாத்தாசராயில் இவருக்குப் பயிற்சியாளராக இருந்தவர், தெரிந்துதான் கூப்பிட்டார். வந்த கையோடு காலில் பலத்த காயம், மாதக்கணக்கில் வெளியே. குணமாகி வந்து 2003 ஏப்ரலில் ஃபுல்ஹாமை 4-0 என்று வென்றபோது இரண்டு கோல் அடித்தார். அவ்வளவுதான் அந்த அத்தியாயம். காயம்பட்ட ஆளைத் தோற்றுப்போனவர் கணக்கில் எழுதுவது நியாயம் இல்லை.

நவம்பர் 10

இப்போது அந்த 11 நொடி.

2002 ஜூன் 29, தென்கொரியாவின் தேகு நகரம், மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். நம் நேரத்துக்கு மாலை நாலரை மணி. தொடக்கப் பந்து கொரியாவுடையது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். துருக்கி பந்தைத் தொடங்கி ஓடிப்போய் அடித்த கோல் இல்லை இது. கொரியர்கள் பந்தைப் பின்னால் அனுப்புகிறார்கள், கேப்டன் ஹோங் மியுங்-போவிடம் வருகிறது. அந்த உலகக் கோப்பையில் சிறந்த வீரர் வரிசையில் மூன்றாவதாக வந்தவர் ஹோங், பந்தை எளிதில் இழக்கும் ஆள் இல்லை. இல்ஹான் மான்சிஸ் நேராக அவர் மேல் பாய்கிறார், பந்து நழுவுகிறது, இல்ஹானுக்குப் பக்கத்திலேயே ஓடிவந்த ஷுக்குர் காலுக்கு வருகிறது. ஒரே அடி. கோல்கீப்பர் லீ வூன்-ஜே விழுந்து எழும்போது வலைக்குள் பந்து.

அதற்கு முந்தைய சாதனை 1962-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் வாட்ஸ்லாவ் மாஷெக், மெக்சிகோவுக்கு எதிராக அடித்தது. நாற்பது ஆண்டு நின்ற சாதனை.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த உலகக் கோப்பையில் ஷுக்குர் அதுவரை ஒரு கோலும் அடிக்கவில்லை. ஏழாவது ஆட்டத்தில்தான் முதல் கோல். துருக்கிப் பத்திரிகைகள் அவரை உட்கார வைத்துவிட்டு இல்ஹானை இறக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தன. கால் இறுதியில் செனகலுக்கு எதிராக அவரை வெளியே எடுத்துவிட்டு இல்ஹானை உள்ளே விட்டார் பயிற்சியாளர் ஷெனோல் குனேஷ். இல்ஹான் கூடுதல் நேரத்தில் தங்க கோல் (அடித்ததும் ஆட்டம் முடிந்துவிடும் கோல்) அடித்து அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அதற்கப்புறமும் குனேஷ் கேப்டனைக் கைவிடவில்லை. தேகுவில் இருவரையும் சேர்த்து இறக்கினார். ஒருவர் பந்தைப் பறிக்க, மற்றவர் அடித்தார். அந்த ஆட்டம் 3-2, மற்ற இரண்டு கோலும் இல்ஹானுடையது.

1954-க்குப் பிறகு உலகக் கோப்பைப் பக்கமே வராத நாடு அது. மூன்றாமிடம்.

நவம்பர் 10, தொடர்ச்சி

யோசித்துப் பார்த்தால், அவருடைய மிகச் சிறந்த கோல் தேகு கோல் இல்லை. 2000 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை), ஜூன் 19, பிரஸ்ஸல்ஸ். போட்டியை நடத்தும் பெல்ஜியத்துக்கு எதிராக, வெல்லாவிட்டால் வெளியே. முதல் பாதி முடியும் நேரம். பந்து உயரே எழும்பி வருகிறது, கோல்கீப்பர் டி வில்ட கையை நீட்டிக்கொண்டு வெளியே வருகிறார். கையைப் பயன்படுத்த உரிமை உள்ளவர் கோல்கீப்பர். அவர் கைக்கு மேலே ஷுக்குரின் தலை இருக்கிறது. அந்தக் காட்சியை நிறுத்திப் பாருங்கள். இரண்டாம் பாதியில் இன்னொரு கோலும் அவருடையதே. 2-0, பெல்ஜியம் வெளியே. கடைசியில் டி வில்ட சிவப்பு அட்டை வாங்கிப் போக, மாற்று வீரர்கள் தீர்ந்துபோனதால் தடுப்பாட்டக்காரர் டெஃப்லாண்டர் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார்.

துருக்கி ஒரு பெரிய தொடரில் முதல் முறையாக கால் இறுதிக்குப் போனது அன்றுதான். 1996 யூரோவில் மூன்று ஆட்டமும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பிய அணி. நான்கே ஆண்டில் இந்த மாற்றம்.

நவம்பர் 13

அவர் இப்போது எங்கே, ஏன் துருக்கியில் அவர் பெயரைச் சொல்வதில்லை என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கால்பந்து இழையில் அரசியல் வேண்டாம் என்று இன்னொருவர். அவர் வாழ்க்கையில் இரண்டையும் பிரிக்க முடியாது, எனவே தெரிந்ததைச் சொல்கிறேன்.

2008-ல் ஓய்வு பெற்றார். தொலைக்காட்சியில் கால்பந்து விமர்சகராக இருந்தார். 2011-ல் எர்தோவானின் கட்சி சார்பில் இஸ்தான்புல்லிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினர். எர்தோவானோடு பழக்கம் பழையது. 1995-ல் ஷுக்குரின் முதல் திருமணத்தை நடத்தி வைத்தவர், அப்போது இஸ்தான்புல் மேயராக இருந்த எர்தோவான்தான். மதபோதகர் ஃபெத்துல்லா குலென் இயக்கத்தோடும் நெருக்கம், அதை ஷுக்குர் மறைத்ததில்லை. அரசும் குலென் இயக்கமும் மோதிக்கொண்டபோது, அந்த இயக்கத்தோடு சேர்ந்த தனிப்பயிற்சி நிலையங்களை மூடும் திட்டத்தை எதிர்த்து 2013 டிசம்பரில் கட்சியை விட்டு விலகினார்.

2015-ல் அமெரிக்கா போய்விட்டார். 2016-ல் ட்விட்டரில் அதிபர் எர்தோவானை அவமதித்ததாக வழக்கு. அந்த ஜூலை மாதம் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி. அதன் பின்னால் குலென் இருந்தார் என்று அரசு சொன்னது, குலென் மறுத்தார். ஆகஸ்டில் ஷுக்குர் மேல் கைது ஆணை. சொத்துக்கள் முடக்கம். தந்தையைக் கைது செய்தார்கள். முயற்சியில் தனக்குப் பங்கே இல்லை என்கிறார் ஷுக்குர். 2020 ஜனவரியில் ஒரு ஜெர்மன் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், வாஷிங்டனில் ஊபர் ஓட்டுவதாகவும் புத்தகம் விற்பதாகவும் சொன்னார்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை. குலென் இயக்கம் துருக்கியில் போலீசிலும் நீதித்துறையிலும் ஆள் வைத்துச் செய்த காரியங்களுக்குப் பலியானவர்கள் ஏராளம், அவர்கள் கோபம் பொய்யில்லை. ஆனால் மகன் மேல் உள்ள கோபத்தில் தந்தையைச் சிறையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நவம்பர் 14

நேற்று விட்டுப்போனது: கலாத்தாசராய் விவகாரம்.

2017 மார்ச்சில் ஷுக்குரையும் ஆரிஃப் எர்தெமையும் கிளப் உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கும் தீர்மானம் பொதுக்குழுவுக்கு வந்தது. உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டு அதை நிராகரித்தார்கள். அந்த நேரத்துத் துருக்கியில் கை தூக்கி அப்படி ஓட்டுப்போடுவது எவ்வளவு தைரியம் என்று யோசித்துப் பாருங்கள். அரசுத் தரப்பிலிருந்து பெரும் கோபம் கிளம்பியது. சில நாட்களுக்குள் நிர்வாகக் குழு இருவரையும் நீக்கிவிட்டது. அந்தப் பொதுக்குழுவில் ஓட்டுப்போட்டவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது, முடிவு மாறிப்போனாலும்.

அப்புறம் 2022 உலகக் கோப்பை. டிசம்பர் 1, கனடாவுக்கு எதிராக மொராக்கோவின் ஸியெக் நான்காவது நிமிடத்தில் அடித்தார். துருக்கி அரசுத் தொலைக்காட்சியின் வர்ணனையாளர், வேகமான கோல் என்ற பேச்சில் ஷுக்குர் பெயரைச் சொல்லிவிட்டார். இடைவேளைக்குப் பிறகு மைக்கில் வேறு குரல். அன்றே அவர் வேலை போனது. அவர் சொன்னது ஒரு விளையாட்டுத் தகவல், சரியான தகவல். உலகத்தில் மற்ற எல்லா வர்ணனையாளரும் அன்று தயங்காமல் சொல்லியிருக்கக்கூடியது.

கேள்வி கேட்டவரே, "உடனே இவர் பெயரை எடுக்கிறார்கள்" என்று சலித்துக்கொண்டீர்கள். எடுக்கட்டும். அவர் ஆடிய நாட்டில் எடுக்க முடியாத பெயர் அது.

நவம்பர் 16

சொந்த ஊர் பற்றிக் கேட்டவருக்கு: அடாபசாரி, சக்கார்யா மாகாணம். 1971 செப்டம்பர் 1 பிறப்பு. குடும்பம் பால்கன் பகுதியிலிருந்து வந்த அல்பேனிய வம்சாவளி. 1987-ல் சக்கார்யாஸ்போர் அணியில் ஆடத் தொடங்கினார். 1988-ல் அந்தச் சின்ன கிளப் துருக்கிக் கோப்பையை வென்றது. அந்த அணியின் அய்குத் கோஜாமானும் ஓவுஸ் செத்தினும் உடனே ஃபெனர்பாஹ்சேவுக்குப் போனார்கள். ஷுக்குர் 1990-ல் புர்சாஸ்போர் வழியாக 1992-ல் கலாத்தாசராய். ஒரே சின்ன ஊர்க் கிளப் இரண்டு ஜென்மப் பகையாளிகளுக்கும் ஆள் கொடுத்திருக்கிறது.

அடாபசாரியை 1999 ஆகஸ்ட் 17 நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. ஷுக்குரோடு மணமுறிவு ஆகியிருந்த முதல் மனைவி அந்த நிலநடுக்கத்தில் இறந்தார். மிலானுக்கு எதிரான அந்தச் சமன் கோல் அதே ஆண்டு நவம்பரில்.

நவம்பர் 19

கேள்வி கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார்: "தேசிய அணிக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 51-ல் பாதி சின்ன நாடுகளுக்கு எதிராகத்தானே?"

எந்தத் தேசிய அணி ஸ்ட்ரைக்கரின் கணக்கை எடுத்தாலும் தகுதிச் சுற்றில் சின்ன நாடுகள் இருக்கும். அவரும் அடித்தார், மற்றவர்களுக்கும் அதே ஆட்டங்கள் இருந்தன. மற்றவர்கள் 51-க்கு வரவில்லை.

சின்ன நாடு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது 2006 அக்டோபர் 11, மால்டோவாவுக்கு எதிரான ஆட்டம். 2005 நவம்பரில் சுவிட்சர்லாந்தோடு நடந்த பிளே-ஆஃப் அடிதடியில் முடிந்ததால் துருக்கிக்குத் தண்டனை: சொந்த ஆட்டங்களை வெளிநாட்டில், ரசிகர்கள் இல்லாமல் ஆட வேண்டும். ஃபிராங்ஃபர்ட், காலி மைதானம். ஷுக்குருக்கு 35 வயது. 5-0, அதில் நான்கு அவருடையது. கைதட்ட ஒருவரும் இல்லாத மைதானத்தில், ஜெயித்தாகிவிட்ட ஆட்டத்தில், நான்காவது கோலுக்கும் அதே போல் ஓடுகிறார். பெரிய ஸ்ட்ரைக்கர் யார் என்று கேட்டால் நான் இந்த ஆட்டத்தைத்தான் காட்டுவேன்.

அந்த வயதையொட்டித்தான் கலாத்தாசராயோடு இன்னும் இரண்டு பட்டமும். 2005-06 பட்டம் கடைசி நாளில் வந்தது. ஃபெனர்பாஹ்சே தெனிஸ்லியில் 1-1 என்று சறுக்க, கலாத்தாசராய் கைசெரிஸ்போரை 3-0 என்று வென்றது. 2007-08 பட்டத்தோடு விடைபெற்றார்.

நவம்பர் 20

நான்கு கோல் அடித்த ஆட்டம் இன்னொன்றும் உண்டு. 1997 ஆகஸ்ட் 20, இஸ்தான்புல், வேல்ஸுக்கு எதிராக 6-4. உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் பத்து கோல்! கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய துண்டுகள்தான் என் கையில் இருக்கின்றன. அதில் அவர் கிராஸுக்கு முன்னால் எப்படி நகர்ந்தார் என்று பார்க்க முடியாது. முழு 90 நிமிடமும் யாரிடமாவது இருந்தால் இங்கே சொல்லுங்கள், படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் சரி.